ஒரு சுழியும் ஒரு சொல்லும்

(தமிழ் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

வரலாற்றாசிரியர் இன்று நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. செய்தித்தாளில் அவர் பெயர் வருகின்றது. தொலைக்காட்சியில் அவர் முகம் தோன்றுகின்றது. அரசியல் மேடைகள் அவரைத் துணைக்கழைக்கின்றன. மக்கள் மன்றத்தில் அவர்க்குரிய பணி யாது? உரக்கப் பேசுவதா? ஒரு கட்சிக்கு வலிவு தேடித் தருவதா? இவ் வினாவிற்கு இலண்டன் வழக்குமன்றம் ஒன்றில் 2000-ஆம் ஆண்டு கிடைத்த விடையை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

தாவீது இர்விங் என்னும் ஆங்கிலேயர் இரண்டாம் உலகப்போர் பற்றிப் பல நூல்கள் எழுதிப் பெயர் பெற்றவர். இட்லர் ஆட்சி ஏறத்தாழ 60 இலக்கம் யூதரைக் கொன்றொழித்த கொடுமையை மறுக்கவும் குறைக்கவும் முற்பட்டவர். அமெரிக்கப் பேராசிரியை தெபோரா இலிப்சுதாத்து 1993-இல் வெளியிட்ட நூலில், அவரை அம் மறுப்பாளருள் ஒருவராகக் காட்டினார். தம் பெயர்க்குக் கேடு நேர்ந்ததென்று அம்மையார்மீதும் பெங்குவின் பதிப்பகத்தின்மீதும் இர்விங் 1996-இல் வழக்குத் தொடுத்தார். ஆங்கில நாட்டுச் சட்டப்படி, எழுதியது உண்மையென மெய்ப்பிக்கும் சுமை எழுதியவர் தலைமேலேயே விழுந்தது.

அச் சுமையைத் தாங்க வந்தவருள் ஒருவர் கேம்பிரிட்சுப் பேராசிரியர் இரிச்சர்டு இவான்சு. அவர் இர்விங்கோடு மேடையேறிச் சொற்போர் புரியவில்லை. துணையாளர் இருவரோடு ஈராண்டுக்கு மேல் உழைத்தார். இர்விங் நூல்களின் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து சென்று, அவை சுட்டும் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டார். அவ்வளவே அவர் செய்தது. அதுவே போதுமானதாயிற்று!

முதலில் ஒரு சுழியின் கதை. 1945 பிப்பிரவரியில் ஆங்கில, அமெரிக்க வானூர்திகள் செருமனியின் திரெசுடன் நகரில் குண்டு பொழிந்தன. இர்விங் 1963-இல் எழுதிய நூலில் இறந்தவர் 1,35,000 என்றார். பின்னர், 2,02,040 பிணங்கள் எடுக்கப்பட்டதாகக் கூறும் ஆவணப்படி ஒன்றைப் பின்பதிப்பில் சேர்த்தார். அது போலி. மெய்யான ஆவணத்தில் இருந்த எண் 20,204. கடைசியில் ஒரு சுழியை எவரோ கூட்டியிருந்தனர். திரெசுடன் நகரம் அமைத்த வரலாற்றறிஞர் குழு, இறந்தவர் மிகுதியாகப் போனால் 25,000 என்று 2010-இல் முடிவு கூறியது. இரங்குவதற்கு 25,000 உயிர் போதாவா? போதும். ஆனால், இட்லர் செய்த கொலைக்கு ஈடாக மற்றத் தட்டில் வைத்து நிறுப்பதற்குப் போதா. அதற்காகவே சுழி வேண்டியிருந்தது!

அடுத்து ஒரு சொல்லின் கதை. இட்லரின் வலக்கையாயிருந்த இம்லர் தம் தொலைப்பேசிக் குறிப்பேட்டில் 1941 நவம்பர் 30-இல், பெர்லினிலிருந்து சென்ற யூதர் தொடர்வண்டி ஒன்றைக் குறித்து, அதிலுள்ளாரைக் கொல்ல வேண்டா என எழுதினார். அவ் வொருமையை இர்விங் பன்மையாக்கி, யூதர் எவரையும் கொல்லலாகாதென்று இட்லரே கட்டளையிட்டதாகக் காட்டினார். உண்மையில், அவ் வண்டியில் சென்ற ஏறத்தாழ ஆயிரவரும் அன்று காலையிலேயே இரீகா நகரருகில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டனர். மறுநாட் குறிப்பில், எசு.எசு. படையின் ஆட்சிப் பொறுப்பாளர் தங்கியிருத்தல் வேண்டும் என்றுள்ளது. அதில் 'ஆபென்' என்னும் செருமன் துணைவினையை 'யூதென்' என்று இர்விங் படித்தார். யூதர் தங்கியிருத்தல் வேண்டும் என்று பொருள் மாறிற்று.

ஏட்டுச்சுவடியில் பழகிய நமக்கு இது புதிதன்று. புள்ளியில்லா எழுத்தும், காலோ ரகரமோ எனத் தெரியாத வடிவமும் எத்தனை பாடவேறுபாடுகளைத் தந்துள்ளன! பிழையாகப் படித்தல் எவர்க்கும் நேர்வதே. ஆயின், நேர்மையானவன் பிழைகள் இப்பக்கமும் சாயும், அப்பக்கமும் சாயும். இர்விங்கின் பிழைகளோ இட்லரைக் காக்கும் பக்கமே சாய்ந்தன. இதனை நடுவர் சார்லசு கிரே கண்டுகொண்டார். இர்விங் சான்றுகளை வேண்டுமென்றே திரித்தார் என 2000 ஏப்பிரல் 11-ஆம் நாள் தீர்ப்பளித்தார். இலிப்சுதாத்து வென்றார்.

பெருமக்களே! செருமனியின் ஆவணத்திற்குப் பிடித்த உரைகல்லை நம் மண்ணின் சான்றுக்கும் பிடித்தல் வேண்டும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 அளவினது என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. அங்கு முதலிரு கட்ட அகழாய்வை நடத்திய அமர்நாத் இராமகிருட்டிணன் 2023 சனவரியில் அறிக்கை அளித்தார். அதனைத் திருத்தித் தருமாறு நடுவணரசின் தொல்லியல் துறை 2025 மே திங்களில் கேட்டது. அவர் தம் முடிவில் உறுதியாக நின்றார். "சான்றை வெளியிடுக! எவரும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்!" என்று கேட்பது நம் உரிமை, நம் கடமையுமாம்.

ஆயின், அக் குரல் வலிவுடையதாக வேண்டுமெனின் நம் கையிலும் கூடுதற் சுழி இருத்தலாகாது. கி.மு. 580 என்பதை நம்மவர் ஒருவர் மேடையில் 5800 ஆக்குவாராயின், அவர் தமிழுக்கு ஆக்கம் தேடவில்லை. மெய்யான 580-ஐயும் மாற்றார் எள்ளி நகையாட வழிதிறந்து விடுகின்றார். நம் தொன்மை மெய்யானது. பொய்யின் முட்டு அதற்கெதற்கு?

வரலாற்றாசிரியர் பணி நம்மை மகிழ்விப்பதன்று. மூல ஏட்டை மக்கள்முன் விரித்து வைப்பது. கேட்பவர்க்கும் ஒரு பணி உண்டு. இளைஞர்களே! பேரெண் ஒன்றைக் கேட்டவுடன் கைதட்டாதீர்கள். கூறுபவர் மாற்றாராயினும் நம்மவராயினும், "ஏடு எங்கே?" என்று கேளுங்கள். அக் கேள்விக்கு அஞ்சாத தமிழ்வரலாறே நின்று நிலைக்கும்.