நாணில் ஏறிய அம்பு



வேட்டைக் கதை கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மிடையே குறைவு. திண்ணனார் பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைப்பக்கம் போனது, மானைத் தேடிவந்த வேடனாக முருகன் வள்ளியின் தினைப்புனத்தில் நின்றது எல்லாம் கோயில் திருவிழாவிலேயே நம் காதில் விழுந்துவிடும். அந்தக் கதைகளில் அம்பு பறக்கும், விலங்கு விழும். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் விரித்துச் சொல்வதில்லை. புதருக்குள் குனிந்து, சருகு நொறுங்காமல் கால் வைத்து, வெகுநேரம் பதுங்கிப் போகிறவனின் கையில் அந்த அம்பு எப்படி இருந்தது? நழுவாமல், வில்லில் தட்டிச் சத்தம் போடாமல், தன் தொடையையோ கூட வருகிறவனின் முதுகையோ கிழிக்காமல் அதை எப்படிக் கொண்டுபோனான்? இன்றைய உரை அதைப் பற்றித்தான். கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் வாழும் நமக்கு இது பழங்கதை மட்டும் இல்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

சாதாரண வில்லை முதலில் எடுத்துக்கொள்வோம். வில்லை வளைத்து நாண் பூட்டியிருந்தாலும், நாணை இழுக்காதவரை அம்புக்கு வேகம் கிடையாது. இடது கை வில்லின் நடுவைப் பிடித்திருக்கும். அம்புத் தண்டு அந்தக் கைமுட்டியின் மேல் கிடக்கும். சுட்டுவிரல் மடங்கி அதை மெல்ல அமர்த்திக்கொள்ளும். வலது கை விரல்கள் அம்பின் அடியிலுள்ள வெட்டை நாணோடு சேர்த்துப் பிடித்திருக்கும், ஆனால் இழுக்காது. கால் தடுக்கினால் விரல் விடும், அம்பு கீழே விழும், அவ்வளவுதான். இழுத்த நாணை எவ்வளவு பலசாலியாலும் நெடுநேரம் தாங்க முடியாது, தோள் நடுங்கத் தொடங்கிவிடும். அதனால் இழுப்பதும் விடுவதும் சில நொடி வேலை. அந்த நொடி வரும்வரை அம்பு அடங்கித்தான் இருக்கும்.

குறுக்குவில் வேறு சாதி. ஒரு கட்டையின் முனையில் வில்லைக் குறுக்கே பொருத்தி, நாணை முழுவதும் இழுத்து ஒரு கொக்கியில் மாட்டிவிடுவார்கள். துவக்கைப் போல விசையை அழுத்தினால் கொக்கி விடும், அம்பு பாயும். தோள் நடுங்கவேண்டிய தேவை இல்லை. எவ்வளவு நேரமானாலும் பலத்தைக் கருவி தாங்கிக்கொள்ளும். வசதியும் அதில்தான், ஆபத்தும் அதில்தான். அம்பு ஒரு தவாளிப்பில் கிடப்பதால், சரிவில் இறங்கும்போது முனை கீழே சாய்ந்தால் வழுக்கி முன்னே போய்விடும். அதைத் தடுக்க மெல்லிய எஃகுத் தகடு ஒன்று மேலிருந்து அழுத்திப் பிடிக்கிறது. அம்பின் அடி நாணைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சிறிது விலகி இருந்தாலும் நாண் வெறுங்காற்றில் பாய்ந்துவந்து அம்பில் மோதும். அம்பு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது, வில்லின் கைகளே பிளந்து தெறிக்கவும் கூடும்.

ஆகவே பழகியவர்கள் சில விஷயங்களில் பிடிவாதமாக இருப்பார்கள். நடக்கும்போது அம்பு ஏற்றமாட்டார்கள், நின்று காத்திருக்கும் இடத்துக்குப் போன பிறகுதான் ஏற்றுவார்கள். மரத்தில் ஏறுமுன், வேலி தாண்டுமுன் அம்பை எடுத்துவிடுவார்கள். எய்யும் கணம்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கும். கட்டையைத் தாங்கும் கையின் பெருவிரல் நாண் ஓடும் பாதைக்குக் கீழேயே நிற்கும். மேலே எழும்பிய பெருவிரலை நாண் வெட்டிக்கொண்டு போன சம்பவங்கள் உண்டு. பலத்தைக் கருவியிடம் கொடுத்துவிட்டவன், கருவியை எந்நேரமும் கண்ணில் வைத்திருக்கத்தான் வேண்டும்.

இந்தக் கருவி நமக்குப் புதிதும் இல்லை. மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளைச் சொல்லும்போது, வளைந்து தானே எய்யும் விற்பொறி ஒன்றையும் சிலப்பதிகாரம் சேர்த்துச் சொல்கிறது. தென்னிந்தியக் குறுக்குவில்களைப் பற்றி ஜேம்ஸ் ஹோர்னெல் 1924இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். சீனாவின் முதல் பேரரசரைப் புதைத்த இடத்தருகே, களிமண் வீரர்களோடு வெண்கல விசைகளும் அகப்பட்டன. ஐரோப்பாவில் இதைக் கண்டு பயந்து, 1139இல் ரோமில் கூடிய திருச்சபைச் சங்கம் கிறிஸ்தவர்கள் மேல் இதை எய்யக் கூடாதென்று தடை போட்டது. தடையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1199இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் இறந்ததே குறுக்குவில் அம்பு பட்ட காயத்தால்தான்.

நம் கண்டிக்கு வருவோம். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் திருகோணமலைக்குப் பக்கத்துக் கொட்டியாரத்தில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்தவர். 1679இல் தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் வேடர்களைப் பற்றிய பகுதியைப் பல தடவை படித்திருக்கிறேன். அம்பு அலகு தேவைப்படும் வேடன் கொல்லனிடம் நேரே வரமாட்டான். இராத்திரியில் வந்து இறைச்சியைக் கொல்லனின் பட்டடையில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஓர் இலையையும் வைத்துவிட்டுப் போவான். தனக்கு வேண்டிய அலகு என்ன வடிவமோ, அதே வடிவத்தில் வெட்டிய இலை. கொல்லன் அப்படியே அடித்துவைத்தால் மறுபடியும் இறைச்சி வரும். அடிக்காவிட்டால் ஓர் இரவு அம்பு வரும் என்றும் நொக்ஸ் எழுதுகிறார்.

அந்த இலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எழுத்தும் இல்லை, பேச்சும் இல்லை, ஆனால் அலகின் நீளமும் அகலமும் கூர்மையும் அதில் இருக்கின்றன. தன் கைக்கு எது பொருந்தும், எது விலங்கை நெடுநேரம் துடிக்கவிடாமல் வீழ்த்தும் என்று தெரிந்தவன்தான் அப்படி வெட்டிக் கொடுப்பான். டச்சுக்காரருக்கு எதிராக ஒருமுறை அரசன் அவசரமாகப் படை திரட்டியபோது வேடர்களும் வில்லோடு போய் மற்றவர்களுக்குக் குறையாமல் சண்டையிட்டார்கள் என்றும், திரும்பியதும் மறுபடி அழைத்துவிடுவார்களோ என்று காட்டுக்குள் இன்னும் தள்ளிப் போய்விட்டார்கள் என்றும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

கண்டியிலிருந்து தெல்தெனியா, ஹுன்னஸ்கிரியா வழியாகப் பதினெட்டு வளைவில் இறங்கி, ஹசலக்க, மஹியங்கனை தாண்டினால் தம்பானை வரும். வேடர் சமூகத்தின் பெயர்போன ஊர். சார்ள்ஸ் செலிக்மன், பிரெண்டா செலிக்மன் தம்பதி 1911இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்த மக்களின் வில்லும் அம்பும் சடங்கும் விரிவாக இருக்கின்றன. அம்பு அவர்களுக்குச் சாமான் மட்டும் இல்லை. அகன்ற அலகு வைத்த ஓர் அம்பை வழிபாட்டுக்கென்றே வைத்திருப்பார்கள், 'அவுதே' என்று பெயர். கிரி கொரஹ சடங்கில், தேங்காய்ப்பால் வைத்த பாத்திரத்தைச் சுற்றி ஆடுபவர் அதைத்தான் கையில் ஏந்துவார். கிழக்கே வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடரும் இருக்கிறார்கள். நமக்கு அவர்கள் தூரத்துச் சொந்தம் இல்லை, வள்ளியம்மன் வழியில் பார்த்தால் வீட்டுச் சொந்தம்.

வில்வேட்டையின் பலம், என் பார்வையில், நெருங்கிப் போவதில் இருக்கிறது. தூரத்தில் நின்று எய்தால் அம்பு கிளையில் பட்டுத் திரும்பும், அல்லது விலங்கு காயத்தோடு ஓடிவிடும். அதனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, மானின் காது ஆடுவது தெரியும் அளவுக்குக் கிட்டப் போகவேண்டும். அவ்வளவு கிட்டப் போனவனுக்கு அது கிடாவா, குட்டியோடு நிற்கும் பிணையா என்று தெரியும். வேண்டாமென்றால் அம்பை நாணிலிருந்து எடுத்துக்கொண்டு பின்வாங்கலாம். விரல் பிடித்திருக்கும்வரை முடிவும் அந்த விரலில்தான்.

1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானதும் வேடர்களுடைய வேட்டைக் காடே சட்டத்துக்குள் போனது. ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்குப் பல குடும்பங்களை அனுப்பினார்கள். தலைவர் திசாஹாமி தம்பானையை விட்டு அசைய மறுத்தார், 1998இல் காலமானார். காட்டைக் காப்பாற்ற வேண்டியது சரிதான். அதற்கான விலையை முதலில் வில்லோடு நடந்தவர்களிடம் வாங்கியது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அதே வருடங்களில், யாருமே கையில் பிடிக்காத ஆயுதங்கள் நம் மலைகளில் பெருகிவிட்டன.

கட்டுத்துவக்கைச் சொல்கிறேன். சுருக்குக் கம்பியைச் சொல்கிறேன். தேயிலை மலையும் மரக்கறித் தோட்டமும் சேரும் வேலியில் பன்றி நுழைகிற ஒரு சந்து இருக்கும். அங்கே சைக்கிள் பிரேக் வயரை வளையமாக்கி, மறுநுனியை நிழல் மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கலாம். கட்டுத்துவக்கு இன்னும் மோசம். பாதைக்குக் குறுக்கே ஒரு நூல், அதன் நுனியில் வெடிக்கத் தயாரான குழல். காலில் நூல் பட்டால் போதும். விறகுக்குப் போனவர்களும் மாடு தேடிப் போனவர்களும் காலை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். குறுக்குவில்லுக்காவது அம்பைப் பிடிக்க ஒரு தகடு உண்டு, பக்கத்தில் ஒரு மனிதர் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. வருவது பன்றியா, மரையா, சிறுத்தையா, கொழுந்து நிறுத்துவிட்டுக் குறுக்குப்பாதையில் இறங்கும் அக்காவா என்று கம்பிக்குத் தெரியாது.

2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான தோட்டத்தின் வாழமலைப் பிரிவில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் அகப்பட்டது. உயிரோடு மீட்டார்கள். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் செய்தார்கள். சில நாளில் இறந்துவிட்டது. இலங்கைச் சிறுத்தை உலகில் வேறெங்கும் இல்லாத இனவகை. அதிலும் கருமை நிறத்தில் பிறப்பது மிக அரிது. அந்தக் கம்பியைக் கட்டியவர் சிறுத்தைக்காகக் கட்டியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். ஆனால் கட்டிய பிறகு எதற்காக என்ற கேள்விக்கு இடமில்லை.

பன்றியால் நட்டப்படுகிறவரின் வயிற்றெரிச்சலை நான் சிறிதாக எண்ணவில்லை. கடன் வாங்கி நட்ட உருளைக்கிழங்கை ஒரே இரவில் கிளறிப்போட்டால் யாருக்கும் ஆத்திரம் வரும். அந்த ஆத்திரத்துக்கு வழி காவல் கொட்டில், ஒழுங்கான வேலி, பக்கத்துத் தோட்டக்காரரோடு முறைவைத்து விழித்திருப்பது. அலுப்பான வேலைதான். தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் இதில் கைகொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் லயத்துச் சனங்களின் தலையில் போட்டுவிடக் கூடாது.

கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, ரங்கல பக்கம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே, நாளைக்கு மலைக்குப் போகும்போது உங்கள் வேலிச் சந்துகளை ஒருதரம் பாருங்கள். கம்பி தெரிந்தால் பிள்ளைகளை விலக்கி வையுங்கள், கங்காணியிடமோ தோட்ட அலுவலகத்திலோ சொல்லிக் கழற்றச் செய்யுங்கள். விலங்கு அகப்பட்டிருந்தால் கிட்டப் போகாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். குழலோ நூலோ தெரிந்தால் தொடவே வேண்டாம், பொலிஸுக்கு அறிவியுங்கள். உங்கள் வீட்டில் யாராவது கம்பி கட்டியிருந்தால், இன்றைக்கே போய்க் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.