இரண்டாம் வருஷம் சேரும் பிள்ளைக்கு எந்த விடுதி?

(பூதப்பாண்டியில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இது ஜீவா பிறந்த ஊர். கேள்வி கேட்பது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. இன்னைக்கு நாம பேசப்போறதும் கேள்வி கேட்பதைப் பற்றித்தான். நம்ம பிள்ளைகளைத் தங்க வைக்கப்போகும் விடுதியில் என்ன கேட்கணும், எதைப் பார்க்கணும் என்பதுதான் விஷயம்.

நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. இங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தே ஒரு பிள்ளை மூணு வருஷ டிப்ளமாவை முடித்துவிடலாம். அப்படி முடித்தவள் பி.இ. படிக்க விரும்பினால், முதல் வருஷம் படிக்க வேண்டாம், நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். இதைத்தான் லேட்டரல் என்ட்ரி என்கிறார்கள். கணக்குப் பாடம் படித்து பி.எஸ்சி. முடித்த பிள்ளைகளுக்கும் இந்த வழி உண்டு. இதற்குத் தனியாகக் கலந்தாய்வு நடக்கிறது.

கலந்தாய்வில் இடம் கோணத்திலேயே கிடைத்துவிட்டால் கவலையில்லை. அங்கே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. ஆனால் திருநெல்வேலியிலோ, மதுரையிலோ, கோயம்புத்தூரிலோ கிடைத்தால்? அப்போதுதான் வீட்டில் பேச்சு மாறுகிறது. "வயசுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஊர்ல எங்க கொண்டு விட?" என்கிறோம். மார்க் இருந்தும், இடம் கிடைத்தும், தங்க இடம் அமையாததால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகலாமா? அந்த நிலை நம் குழு வீடுகளில் வரக்கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

இரண்டாம் வருஷம் சேர்பவளுக்கு என்ன தனிக் கஷ்டம்?

முதல் வருஷம் சேரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் புதுசாக வருகிறார்கள். எல்லாருக்கும் பயம், எல்லாருக்கும் அழுகை, எல்லாரும் சேர்ந்தே பழகிக்கொள்கிறார்கள். நம்ம பிள்ளை போகும்போது அவர்கள் ஒரு வருஷம் ஒன்றாக இருந்து முடித்தவர்கள். அறைகளும் ஏறக்குறைய நிறைந்திருக்கும். மிச்சம் இருக்கும் கட்டில்தான் நமக்கு.

படிப்பிலும் அப்படித்தான். அவள் நுழைவதே மூன்றாம் செமஸ்டரில். மற்றவர்கள் முதல் வருஷத்தில் படித்த கணக்கை இவள் படிக்காமலே அடுத்த கணக்குக்குப் போகணும். ராத்திரி புரியாத பாடத்தை "இது எப்படிடீ?" என்று கேட்க, அதே வகுப்பில் படிக்கும் ஒருத்தி பக்கத்து அறையில் இருந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். அதனால் நாங்கள் சொல்வது இதுதான்: முதல் ஒரு வருஷமாவது, வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கும்படியான இடத்தைப் பாருங்கள். வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

என்னென்ன வழி இருக்கிறது?

முதலில் கல்லூரி விடுதி. மேலே சொன்ன காரணத்தால் இதுவே முதல் தேர்வு. "இடம் இல்லை" என்று சொன்னாலும் திரும்பி வந்துவிட வேண்டாம். காத்திருப்போர் பட்டியலில் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வேறு கல்லூரி கிடைத்தோ, வேறு காரணத்தாலோ காலி செய்யும் பிள்ளைகள் உண்டு. பல விடுதிகளில் சாப்பாட்டுக்கு டிவைடிங் சிஸ்டம் என்று வைத்திருப்பார்கள். மாதச் செலவை அந்த மாதம் சாப்பிட்டவர்களுக்குப் பங்குபோடுவது அது. போன வருஷம் ஒவ்வொரு மாதமும் எவ்வளவு வந்தது என்று கேட்டால்தான் உண்மைச் செலவு தெரியும்.

இரண்டாவது, அரசு நலத்துறை விடுதி. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் கல்லூரி மாணவிகளுக்கு விடுதி நடத்துகின்றன. 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று அரசு பெயர் வைத்தது. தங்குவதும் சாப்பாடும் இலவசம். வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதியில் சேர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் தூரம் இருக்கணும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தூர விதி கிடையாது. கலந்தாய்வு முடிவு வரும்வரை காத்திராமல், சாதிச் சான்றும் வருமானச் சான்றும் முன்னமே வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, தனியார் லேடீஸ் ஹாஸ்டல். இதற்குத் தமிழ்நாட்டில் 2014ஆம் வருஷத்திலேயே பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் விடுதி நடத்தக் கூடாது. போனதும் "உரிமம் எங்க?" என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த இடம் நமக்கு வேண்டாம்.

நான்காவது, சொந்தக்காரர் வீடு. இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பேசணும். ஏனென்றால் நம் பக்கம் முதலில் தோன்றுவதே இதுதான். "சித்தி வீடு இருக்கே, பின்ன என்ன?" என்கிறோம். செலவு குறைவு, பயமும் இல்லை. நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிற வீடுகள் நிச்சயம் உண்டு. ஆனால் அங்கே நம்ம பிள்ளை விருந்தாளியும் இல்லை, அந்த வீட்டுப் பிள்ளையும் இல்லை. காலையில் பாத்திரம் கழுவுவாள், சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவாள், விருந்து வந்தால் அடுக்களையில் நிற்பாள். யாரும் செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள், இவளால் சும்மா இருக்க முடியாது. பரீட்சை நேரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லைட் போடவே கூச்சப்படுவாள். அப்படி விடுவதானால் மாதம் ஒரு தொகையோ, அரிசி தேங்காயோ கொடுத்தே விடுங்கள். படிக்க அவளுக்கென்று ஒரு மேஜையும் நேரமும் வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். உறவும் கெடாது.

ஐந்தாவது, தினமும் போய் வருவது. திருநெல்வேலிக்கு நாகர்கோவிலில் இருந்தே 70 கிலோமீட்டருக்கு மேல். விடியும் முன்னே கிளம்பி இருட்டின பிறகு வருகிற பிள்ளை எப்போது படிப்பாள்? ஒரு மாதம் முடியும், மூணு வருஷம் முடியாது.

ராகிங் பயம்

1996இல் சிதம்பரத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவர் ராகிங்கால் உயிரிழந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகள் போட்டது. முதல் வருஷப் பிள்ளைகளைத் தனியாகத் தங்க வைப்பது அந்த விதிகளில் ஒன்று. நம்ம பிள்ளை நேராக இரண்டாம் வருஷம் போவதால் அந்தத் தனி இடம் அவளுக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் பாதுகாப்பு அவளுக்கும் உண்டு. முதல் வருஷம் மட்டுமல்ல, எந்த மாணவியைத் துன்புறுத்தினாலும் அது ராகிங்தான் என்று விதி சொல்கிறது. இலவசப் புகார் எண் 1800-180-5522, பெண்கள் உதவி எண் 181. இரண்டையும் அவள் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.

பணத்துக்கு என்ன வழி?

சேரும் நேரத்தில்தான் அட்வான்ஸ், மெஸ் டெபாசிட் என்று மொத்தமாகக் கேட்பார்கள். அந்த அவசரத்தில்தான் வெளி வட்டிக்குப் போகிறோம். ஒரு கணக்குப் பார்ப்போம். 20,000 ரூபாய் வாங்கி மாதம் 2,000 வீதம் பத்து மாதத்தில் அசலை அடைக்கிறோம். குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால், குறைந்துவரும் அசலுக்கு மொத்த வட்டி 1,100 ரூபாய். வெளியில் நூற்றுக்கு ஐந்து என்றால் அதே கணக்கில் 5,500 ரூபாய். அந்த 4,400 ரூபாய் நம்ம பிள்ளையின் சாப்பாட்டுக் காசு. அதனால் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே குழுவில் சொல்லிவையுங்கள். வங்கிக் கல்விக் கடனிலும் விடுதிச் செலவைச் சேர்த்துக் கேட்கலாம். கல்லூரியில் செலவு விவரக் கடிதம் வாங்கும்போது விடுதிக் கட்டணமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் போகும்போது கேட்க வேண்டியவை

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தங்கப்போவது அவள்.

1. இரண்டாம் வருஷம் நேராகச் சேர்ந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். வார்டன் சொல்வதைவிட அவர்கள் சொல்வது உபயோகப்படும்.
2. ஒரு அறையில் எத்தனை பேர்? கக்கூஸ், குளியலறை எத்தனை பேருக்கு ஒன்று? தாழ்ப்பாள் சரியா? கோடையில் தண்ணீர் வருமா?
3. நாப்கின் போட வசதி உண்டா?
4. ராத்திரி உடம்புக்கு முடியாமல் போனால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள்?
5. லேப், லைப்ரரி முடிந்து தாமதமாக வந்தால் கேட் திறப்பார்களா? கல்லூரியில் இருந்து வரும் வழியில் வெளிச்சம் உண்டா?
6. நடுவில் காலி செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும்? வாயால் சொன்னால் போதாது, ரசீதில் எழுதி வாங்குங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை எந்த விடுதியிலும் கொடுக்காதீர்கள். கல்லூரிகூட சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரணும், பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இல் மானியக் குழு சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. சேர்த்துவிட்ட பிறகு ஒருநாள் ராத்திரி போன் வரும். "அம்மா, இங்க நிக்க முடியல." உடனே "எல்லாரும் நிக்கலியா, பொறுத்துக்கோ மக்கா" என்று சொல்லிவிடாதீர்கள். "அப்படின்னா வீட்டுக்கு வா" என்றும் சொல்லாதீர்கள். என்ன கஷ்டம் என்று கேளுங்கள். சாப்பாடா, அறையில் இருப்பவர்களா, பாடம் புரியவில்லையா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி இருக்கிறது. தொந்தரவு என்றால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். மற்றதென்றால் அறை மாற்றலாம், அடுத்த வருஷம் விடுதி மாற்றலாம். விடுதியை மாற்றலாம் அக்காமாரே, விட்ட படிப்பைப் பிடிப்பது கஷ்டம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், டிப்ளமா கடைசி வருஷம் படிக்கும் பிள்ளைகள் யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஒரே ஊரில் இடம் கிடைக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் சேர்ந்தே விடுதி பார்க்கலாம். விடுதி பார்க்கத் தனியாகப் போகத் தயங்கும் அம்மாவோடு, குழுவில் ஒருத்தி கூடப் போகலாம். வங்கிக்குப் போக நாம அப்படித்தானே பழகினோம்?