அடுத்த சான்றிதழ் எது?

குழுவில் கடன் வாங்கித்தான் அம்மா என்னை முதல் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்தாங்க. குற்றாலம் சீசனில் பழக்கடை போட்டு அந்தக் கடனை அடைச்சாங்க.

இப்போது தென்காசியில் ஹெல்ப் டெஸ்க் வேலை பார்க்கிறேன். அடுத்து படிக்க மூன்று சான்றிதழ்களைச் சொன்னேன். "இதுல எதுட்டி உன் வேலைக்கு உடனே உதவும்?" என்று அம்மா கேட்டாங்க. பதில் தெரியலை.

ஒரு மாதம் வந்த புகார்களை நோட்டில் எழுதினேன். பாதிக்கு மேல் நெட்வொர்க் கோளாறு. அதனால் சி.சி.என்.ஏ. என்று முடிவு செய்தேன். அதுவும் 3 வருடம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்கணும். சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். அதில் பழகிவிட்டு, தேர்வுக்கு மட்டும் பணம் கட்டப் போறேன்.

பிள்ளைங்க கோர்ஸுக்குக் கடன் கேட்டா, அம்மா கேட்ட அதே கேள்வியைக் கேளுங்க.