கண்ணுக்குப் படாத விமானமும் கணக்குக்கு வராத செலவும்

(ராபர்ட்சன்பேட்டையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் போர் விமானம். "நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? லைன் வீட்டுப் பட்டாவைப் பத்திப் பேசக் கூடாதா?" என்று பின் வரிசையில் ஓர் அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. சம்பந்தம் இருக்கிறது அம்மா. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

2025 பிப்ரவரியில் எலஹங்காவில் விமானக் கண்காட்சி நடந்தது. ராடாருக்குத் தப்பும் விமானங்கள் என்று பெயர் வாங்கிய அமெரிக்காவின் எஃப்-35, ரஷ்யாவின் சுகோய்-57 இரண்டும் அங்கே வந்து நின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்த நம் ஊர்த் தம்பி ஒருவர், பெங்களூரில் விமான உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறையில் லேத் வேலை பார்ப்பவர், என்னிடம் கேட்டார்: "அண்ணா, இதை ராடாரே பார்க்க முடியாதாமே? நாமளும் நாலு வாங்கிட்டா சண்டையே முடிஞ்சுடும் இல்ல?" அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

மறைவது என்றால் என்ன?

சுரங்கத்தில் இறங்கிய பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கும்மிருட்டில் தலை விளக்கை அடித்தால், பாறையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் பாறையைக் காட்டுகிறது. ஈரமான, வழவழப்பான பாறை சாய்வாக நின்றால் வெளிச்சம் வேறு பக்கம் தெறித்துப் போகும். கரி படிந்த மரத்தில் அடித்தால் மரமே அதை விழுங்கிவிடும். இரண்டிலும் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது.

ராடாரும் ஒரு விளக்குதான். அது வெளிச்சத்துக்குப் பதிலாக ரேடியோ அலையை அடிக்கிறது. மறையும் விமானத்தின் உடலை, அலை வேறு பக்கம் தெறிக்கும்படி சாய்வாக வடிக்கிறார்கள். மேலே அலையை விழுங்கும் பூச்சு பூசுகிறார்கள். குண்டையும் ஏவுகணையையும் வயிற்றுக்குள் வைக்கிறார்கள். ஆனால் விமானம் மாயமாக மறைந்துவிடுவதில்லை. தூரத்தில் தெரிய வேண்டியது கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. ராடார் காணும் தூரத்தைப் பாதியாக்க, திரும்பும் அலையைப் பாதியாக்கினால் போதாது. 16இல் ஒரு பங்காக்க வேண்டும். தூரத்தைப் பத்தில் ஒன்றாக்க வேண்டுமானால், 10,000இல் ஒரு பங்காக்க வேண்டும். ஒவ்வொரு மைலைக் குறைப்பதற்கும் முந்தைய மைலைவிட அதிகமாக உழைக்க வேண்டும், அதிகமாகச் செலவழிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? நம் சுரங்கத்தில் தொடக்க காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் 4 கிராம்கூடத் தேறவில்லை. சாம்பியன்ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டியது. காற்றைக் குளிர்விக்கச் செலவு, தண்ணீர் இறைக்கச் செலவு, பாறை வெடிப்புக்கு முட்டுக் கொடுக்கச் செலவு. செலவு ஏறியது, தங்கம் இறங்கியது. மறையும் விமானமும் அப்படி ஆழம் இறங்கும் சுரங்கம்தான்.

மற்றவர்கள் கட்டிய கட்டணம்

அமெரிக்காவைவிடப் பணக்கார நாடு உண்டா? அந்த நாடே பி-2 குண்டுவீச்சு விமானம் 132 செய்யத் திட்டமிட்டு, 21 செய்து நிறுத்திக்கொண்டது. ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால் ஒரு விமானம் 200 கோடி டாலருக்கு மேல். எஃப்-22 விமானம் 750 வேண்டும் என்று தொடங்கினார்கள். படைக்குக் கிடைத்தது 187.

எஃப்-35இன் கதை இன்னும் பெரியது. வாங்குவது, ஓட்டுவது, பராமரிப்பது எல்லாம் சேர்த்து அதன் ஆயுள் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டுகிறது என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 2024இல் சொன்னது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வாங்கிய பிறகு ஆகும் செலவு. மாட்டை வாங்கிவிடலாம், தீனி போட வேண்டாமா?

பழைய ஏவுகணை, புது விமானம்

1999 மார்ச் 27ஆம் தேதி இரவு. நேட்டோ நாடுகள் யூகோஸ்லாவியா மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. யாராலும் காண முடியாது என்று பெயர் எடுத்த அமெரிக்காவின் எஃப்-117 விமானம், பெல்கிரேடுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. வீழ்த்தியது எது? 1960களின் தொடக்கத்தில் சோவியத் நாட்டில் படைக்கு வந்த எஸ்-125 ஏவுகணை!

அந்தப் படைப்பிரிவின் தளபதி சோல்தான் டானி. அவரிடம் புது ஆயுதம் ஒன்றும் இல்லை. இருந்தது ஒழுங்கு. அவருடைய பழைய ராடார் ஒன்று மீட்டர் கணக்கில் நீளமான அலையை அடிக்கும். விமானத்தின் வடிவமைப்பு குறுகிய அலையைத் தெறிக்கவிடும். நீண்ட அலையிடம் அவ்வளவு பலிக்காது. அந்த ராடாரில் விமானம் மங்கலாகத் தெரிந்தது. குறி பார்க்கும் ராடாரை அவர் சில விநாடி மட்டுமே போட்டு உடனே அணைக்கச் சொன்னார். எதிரி அலையை மோப்பம் பிடித்துத் தாக்கும் முன்பே வண்டிகளை வேறு இடத்துக்கு நகர்த்தினார். விமானி உயிர் தப்பினார். பல ஆண்டுகள் கழித்து அவரே செர்பியாவுக்குப் போய், ரொட்டிக் கடை வைத்திருந்த டானியைச் சந்தித்தார். இருவரும் நண்பர்களானார்கள்.

ஒளிகிறவன் ஒரு வழி கண்டால், தேடுகிறவன் நாலு வழி காண்கிறான். நீண்ட அலை ராடார் ஒன்று. பல திசையில் ராடார்களை வைத்து, ஒன்றில் தெறித்ததை இன்னொன்றில் பிடிப்பது இன்னொன்று. எஞ்சினின் சூட்டைக் காணும் கருவி மூன்றாவது. நாலாவது, வானத்தில் தேடாமல் தரையில் தேடுவது. விமானம் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? 2024 ஜூனில், போர்முனையிலிருந்து ஏறத்தாழ 590 கிலோமீட்டர் தள்ளி நின்ற சுகோய்-57 சேதப்படுத்தப்பட்டதாக உக்ரைன் அறிவித்து, செயற்கைக்கோள் படங்களையும் வெளியிட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மறையும் விமானம் பயனற்றது என்று சொன்னால் அது பொய். 2025 ஜூனில் 7 பி-2 விமானங்கள் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு வீசிவிட்டு ஒரு சேதமும் இல்லாமல் திரும்பின. ஆனால் அந்த 7 விமானங்களும் தனியாகப் போகவில்லை. காவல் விமானம், எரிபொருள் விமானம் எல்லாம் சேர்த்து 125க்கும் மேற்பட்டவை அந்த நடவடிக்கையில் ஈடுபட்டன. நாலு வாங்கினால் போதும் என்கிற தம்பி இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுக் கணக்கு

சீனா தன் ஜே-20 விமானத்தை 2011இலேயே பறக்கவிட்டது. நம் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர்ப்பிரிவுகள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது எஞ்சியவை 29. ஆகவே ஒன்றுமே செய்யாமல் இருக்க முடியாது. எதைச் செய்வது என்பதே கேள்வி.

ரஷ்யாவோடு சேர்ந்து இப்படி ஒரு விமானம் செய்யலாம் என்று 2010இல் வடிவமைப்புக்கு மட்டும் 29.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டோம். 2018இல் விலகி வந்தோம். விமானம் வரவில்லை. பிறகு 2024 மார்ச்சில், நாமே வடிவமைக்கும் ஆம்கா விமானத்துக்கு 15,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது 5 முன்மாதிரிகள் செய்வதற்கு மட்டும். படைக்குச் சேர 2030களின் நடுப்பகுதி ஆகும்.

உடலை நாம் செய்துவிடுவோம். எஞ்சின்? பெங்களூரில் செய்த மாருத் விமானம் 1961இலேயே பறந்தது. அழகான விமானம், ஆனால் அதற்கு ஏற்ற எஞ்சின் கடைசி வரை கிடைக்கவில்லை. தேஜஸுக்காகத் தொடங்கிய காவேரி எஞ்சினும் அதில் ஏறவில்லை. அமெரிக்க எஞ்சினுக்காகக் காத்திருந்ததில் புதிய தேஜஸ் விமானங்கள் தாமதமாயின. எஞ்சின் அடுத்தவன் கையில் இருக்கும்வரை, ராடாருக்கு மறைந்தாலும் அவன் கைக்கு மறைய முடியாது.

தேடும் கலையில் நமக்குக் கை தேர்ந்தவர்கள் உண்டு. ராடார் வடிவமைக்கும் ஆய்வுக்கூடமும், அதைச் செய்யும் பாரத் எலக்ட்ரானிக்ஸும் பெங்களூரிலேயே இருக்கின்றன. வருகிறவனைக் காணும் கண்ணை முதலில் பலப்படுத்துவோம். மிரட்டலுக்கு மிரட்டல் என்று விலை உயர்ந்த பொருளை அவசரத்தில் வாங்க வேண்டாம் என்பதே என் வாதம்.

நமக்கு என்ன?

தோழர்களே, இரண்டு தேதிகளைச் சொல்கிறேன். 2001 ஜனவரி 4: பெங்களூரில் தேஜஸ் முதல் தடவை பறந்தது. 2001 பிப்ரவரி 28: நம் சுரங்கம் மூடப்பட்டது. இடையில் 55 நாள். ஒன்றுக்குப் பணம் இருந்தது, மற்றதற்கு இல்லை என்றார்கள். விமானத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை நம் பிள்ளைகளும்தானே செய்கிறார்கள்! ஆனால் நூறு ஆண்டுக்கு மேல் பொன் எடுத்துக் கொடுத்த ஊருக்கு மிஞ்சியது சயனைட் மேடும், பட்டா இல்லாத லைன் வீடும். மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் ரயில் ஏறிப் போகிறவர்கள் கட்டும் வரியிலும்தான் இந்த விமானங்கள் பறக்கப்போகின்றன.

எனவே ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வாங்கும் விலையைச் சொல்கிறீர்களே, 40 ஆண்டுக்குப் பராமரிக்க எவ்வளவு? எஞ்சின் யாருடையது, அவன் நிறுத்தினால் என்ன வழி? இந்த வேலை தனியார் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும்போது, அதைக் கடைகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு நிரந்தரமும் பி.எஃபும் உண்டா?

தம்பி, நாலு வாங்கினால் சண்டை முடியாது. நாலையும் காணும் கருவியை அவன் செய்வான். அதற்கும் மறையும் விமானத்தை நாம் கேட்போம். அந்த லேத்தில் நீ கடைகிற துண்டுக்கு மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிறாயே, அதே கண்டிப்போடு இந்தச் செலவையும் அளந்து கேட்கக் கற்றுக்கொள். பின் வரிசை அம்மாவுக்கும் அதுதான் பதில்: பட்டாவுக்குப் பணமில்லை என்று சொல்கிறவரிடம் இந்தக் கணக்கையும் சேர்த்தே கேட்போம்.