ஆடும் கதிரையை வீட்டிலேயே திருத்துவோம்



2006 இல் சம்பூரை விட்டு வெளிக்கிட்டபோது தளபாடங்களைத் தூக்கிக்கொண்டு போக வழியிருக்கவில்லை. கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற முகாம்களில் வருடக்கணக்காக இருந்து, 2015 முதல் திரும்பி வந்தபோது பலருக்கு வீடே இருக்கவில்லை. இன்று உங்களிடம் உள்ள கதிரை சொந்தக்காரர் தந்ததாகவோ, முகாமில் பாவித்ததாகவோ, இடிபாட்டில் எடுத்ததாகவோ இருக்கலாம். ஆடுகிறது என்று அதை விறகாக்கிவிடாதீர்கள். கையிலுள்ள காசு கூரைக்கும் கிணற்றுக்கும் வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. கதிரைக்கு மரம் தேடிப் பற்றைக்காட்டுக்குள்ளோ, பழைய காவலரண்களுக்குள்ளோ போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இனிக் கதிரையைப் பாருங்கள். கத்தி நுனியால் கால்களைக் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக உள்ளே இறங்கினால் கறையான் தின்றுவிட்டது. அந்தக் காலைத் தச்சரிடம் கொடுத்து மாற்றத்தான் வேண்டும். மரம் உறுதியாக இருந்தும் கதிரை ஆடினால், பொருத்துத்தான் கழன்றிருக்கிறது. அதை நீங்களே திருத்தலாம்.

ஆணி அடிக்காதீர்கள். முதிரை போன்ற வைரமான மரம் வெடிக்கும். கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து, பொருத்து மறுபடியும் தளரும்.

கழற்றுமுன் ஒவ்வொரு துண்டிலும் சோக்கால் அடையாளம் போடுங்கள். பழைய ஆணிகளைப் பிடுங்குங்கள். மரத்தில் துணியை வைத்து மெதுவாகத் தட்டினால் தளர்ந்த பொருத்துகள் கழன்று வரும். இறுக்கமாக இருப்பவற்றை விட்டுவிடுங்கள். பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். பழைய பசையின் மேல் புதிய பசை பிடிக்காது. துளை பெருத்திருந்தால், உள்ளே போகும் நுனியில் மெல்லிய மரச்சீவலை ஒட்டிக் காயவிடுங்கள்.

பிறகு துளையிலும் நுனியிலும் மரப்பசை பூசிப் பொருத்துங்கள். நான்கு கால்களையும் சுற்றிக் கயிறு கட்டி, இடையில் ஒரு தடியைச் செருகி முறுக்கினால் நன்றாக இறுகும். தடி திரும்பாமல் கட்டிவிடுங்கள். வழியும் பசையை ஈரத்துணியால் துடையுங்கள். பசை காயுமுன் சமமான தரையில் வைத்து, நான்கு கால்களும் படுகின்றனவா என்று பாருங்கள். ஒரு முழுநாள் நிழலில் விடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு நாள் விடுவது நல்லது.

கயிற்றை அவிழ்த்ததும் வளர்ந்தவர் ஒருவர் மெதுவாக இருந்து பார்த்த பிறகே பிள்ளைகளையும் வயதானவர்களையும் இருத்துங்கள்.

ஒரு சுத்தியலும் ஒரு போத்தல் பசையும் நாலு வீட்டுக்குப் போதும். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.