நாடு பணக்கார நாடுதான், சனம்?



"நாடு வளர்ந்தா எல்லாருக்கும் நல்லதுதானே" எண்டு வீட்டிலயும் சொல்லுவினம், தேர்தல் மேடையிலயும் சொல்லுவினம். அமெரிக்காவைப் பாருங்கோ. உலகின் மிகப் பெரிய பொருளாதாரம். ஆனால் 2014க்கும் 2017க்கும் இடையில், கொரோனா வருவதற்கு முன்பே, அங்கே சராசரி ஆயுள் குறைந்தது. போதைமருந்தாலும் மதுவாலும் தற்கொலையாலும் நடுவயதுத் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன்? 2009இலிருந்து அங்கே மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டொலர்தான். தனியார் வேலையில் சம்பளத்துடன் பிரசவ விடுப்புத் தரச் சொல்லும் நாடு தழுவிய சட்டம் இல்லை. வேலை போனால் பலருக்கு மருத்துவக் காப்புறுதியும் போய்விடும். நாட்டில காசு இருக்கு. சனத்துக்கு நாளைய நாளை நினைச்சாப் பயம்.

இப்ப கொஸ்தாரிக்கா. ஆள்வீத வருமானம் அமெரிக்காவை விட மிகக் குறைவு. ஆனால் 1941இல் சமூகக் காப்புறுதியைத் தொடங்கிய நாடு, 1948இல் இராணுவத்தையே கலைத்த நாடு. 2025ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கையில் அதற்கு 6ஆம் இடம், அமெரிக்காவுக்கு 24. அது சொர்க்கமில்லை, ஏற்றத்தாழ்வு அங்கேயும் மோசம்தான். எண்டாலும் வருத்தம் வந்தா வைத்தியம் கிடைக்கும் எண்ட நம்பிக்கை பெரிய விசயம்.

எங்கட அப்பா அம்மாவும் பணக்கார நாடு எண்டுதான் வந்தவை. வந்து இரண்டு வேலை செய்யினம்.

ஆகவே "பொருளாதாரம் இத்தனை வீதம் வளர்ந்தது" எண்டு ஆராவது சொன்னா, மூன்று கேள்வி கேளுங்கோ: கூலி கூடினதோ? வேலைநேரம் குறைஞ்சதோ? வாடகை கட்ட ஏலுமோ? தொழிற்சங்கத்திலயும் இதையே கேளுங்கோ. அங்க சேராதவை இந்த மாதமே சேருங்கோ.