ஆவாரம்பட்டையும் அறிவுடைமையும்
(வெள்ளி விழா உரை)



மரஞ்செடிகொடிகளில் உடலுக்கு நலம் பயக்கும் பொருள்கள் பல உள்ளன. அவற்றைப் பிரித்தெடுப்பது எவ்வாறு? அதன் பயன் யாரைச் சேர வேண்டும்? இவ்விரு வினாக்களையும் இன்று நாம் சிந்திப்போம்.

நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுக்கிறது. நாட்பட்ட கடலை எண்ணெயில் சிக்கு வாடை வீசுகிறது. இரண்டுக்கும் காரணம் காற்றிலுள்ள ஆக்ஸிஜன். நம் உடலினுள்ளும் ஆக்ஸிஜனின் வினை இடையறாது நிகழ்கிறது. அப்போது தோன்றும் நிலையற்ற மூலக்கூறுகள் அளவு மீறினால் உயிரணுக்கள் சிதையும். அவற்றை அடக்கும் பொருள்களே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள். நெல்லிக்காயின் வைட்டமின் சி, மஞ்சளின் குர்க்குமின், முருங்கைக் கீரையின் குவர்செட்டின், கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் உள்ள டானின் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை.

டானின் என்ற பெயர் நமக்குப் புதிது, பொருள் புதிதன்று. நம் முன்னோரில் பலர் தோல் பதனிடும் தொழிலில் தள்ளப்பட்டவர்கள். ஆவாரம்பட்டையை இடித்து, நீரில் ஊறவைத்து, அச்சாற்றில் தோலை ஊறப்போட்டார்கள். தோலை முதலில் வலுக்குறைந்த சாற்றிலும் பின்னர் வலுமிக்க சாற்றிலும் இட்டார்கள். தோலிலுள்ள புரதத்தை டானின் இறுகப் பற்றுவதால் தோல் அழுகுவதில்லை. கடுக்காயைக் கடித்தால் நா துவர்ப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே அது உமிழ்நீரின் புரதத்தைப் பற்றுகிறது. மரப்பட்டையிலிருந்து பாலிபீனாலைப் பிரித்தெடுத்த அக்கைகளை உலகம் தீண்டத்தகாதவை என்றது. இன்று அதே வேலையை ஆய்வுக்கூடத்தில் செய்பவரை அறிஞர் என்கிறது! குலத்தொழிலுக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. அந்தத் தளை அறுபடவே வேண்டும். ஆனால், அத்தொழிலில் அடங்கியிருந்த அறிவு நம்முடையது என்பதை மறத்தலாகாது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்ன? இலையையோ பட்டையையோ நிழலில் உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். பின் தக்க கரைப்பானில் ஊறவைக்கிறார்கள். டானின் நீரிலும், நீர் கலந்த சாராயத்திலும் கரையும். குர்க்குமின் நீரில் கரையாது, சாராயத்தில் கரையும். சாற்றை வடிகட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த வெப்பத்திலேயே கரைப்பானை ஆவியாக்குகிறார்கள். மிகு வெப்பம் பயனுள்ள பொருளைக் கெடுத்துவிடும். எஞ்சிய சாரத்தை டி.பி.பி.எச். எனும் ஊதாநிறக் கரைசலில் இடுகிறார்கள். ஊதா மங்கி வெளிர்மஞ்சளானால் தடுப்பாற்றல் உண்டென்பது தெளிவு. இதற்குப் பயன்படும் மெத்தனால் நஞ்சு. ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும். ஆகவே வீட்டில் இம்முயற்சி கூடாது.

நம் உத்திரமேரூர் வட்டாரத்தில் நிலக்கடலை உடைக்கும் தாய்மார்கள் பருப்பின் சிவந்த தோலை ஊதித் தள்ளுவதை அனைவரும் அறிவோம். 1940களின் இறுதியில் பிரான்சு நாட்டுப் போர்தோ பல்கலைக்கழகத்தில் ழாக் மஸ்கெலியே என்பவர் அத்தோலையே ஆராய்ந்து, அதிலிருந்து ஒருவகைப் பாலிபீனாலைப் பிரித்தெடுத்தார். பின்னர் அதனைப் பைன் மரப்பட்டையிலும் திராட்சை விதையிலும் கண்டார். பிறர் குப்பை என்று தள்ளியதில் கல்வி செல்வத்தைக் கண்டது.

ஆயினும், செல்வம் யாருக்கு? 1535-36 குளிர்காலத்தில் கனடாவில் தங்கிய பிரெஞ்சு மாலுமி கார்த்தியேயின் ஆட்கள் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயால் மடிந்தனர். அந்நாட்டுப் பழங்குடித் தலைவரின் மகன் தோமகாயா ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்; எஞ்சியோர் பிழைத்தனர். கைம்மாறு என்ன? தலைவரையும், மருந்து சொன்ன மகனையும் சிறைப்பிடித்துக் கப்பலேற்றினார் கார்த்தியே. அவர்கள் தாயகம் திரும்பவேயில்லை.

நம் காலத்தில் வேறொரு வழியும் காணப்பட்டது. அகத்தியர் மலைக் காணிப் பழங்குடியினர் 1987 இல் காட்டிய 'ஆரோக்கியப் பச்சை' என்னும் செடியிலிருந்து பாலோடு தாவரவியல் தோட்ட ஆய்வாளர்கள் 'ஜீவனி' மருந்தை உருவாக்கினர். 1995 இல் அதன் உரிமம் கோவை நிறுவனமொன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுப் பங்குக்கும் வழங்கப்பட்டது. அதில் சரிபாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அறிவு சொன்னவருக்கும் பங்குண்டு என்ற நெறி அங்கே ஏற்கப்பட்டது.

நம் ஊர்க் குடவோலைக் கல்வெட்டு உலகறிந்தது. பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அது, சபையில் அமர நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்றது. நம்மவருக்கு அங்கு இடமேது? 2002 ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டமோ உள்ளாட்சிதோறும் ஒரு குழு அமைத்து, ஊரின் தாவரங்களையும் அவற்றைப் பற்றிய அறிவையும் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. அதன்கீழ் 2004 இல் வகுக்கப்பட்ட விதிகள், அக்குழுவில் மூன்றிலொரு பங்கு பெண்களும், 18 விழுக்காடு பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றன. அந்த இருக்கை வெறுமையாகக் கிடத்தலாகாது. நம் பாட்டிமார் அறிந்த மூலிகைகள் அவர்கள் பெயரோடு அப்பதிவேட்டில் ஏற வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றுண்டு. ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான் என்றதுமே சர்வரோக நிவாரணி என எண்ணிவிடலாகாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆடவரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994 இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியது! ஆகவே காசைக் கொட்டி மாத்திரை வாங்காதீர்கள். கீரையும் நெல்லிக்காயும் உணவில் இடம்பெறட்டும்; நோய்க்கு மருத்துவரை நாடுங்கள்.

இளைஞர்களே! சித்த மருத்துவராகவும் சிந்தனையாளராகவும் விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் நம்மவர். மூலிகையறிவும் எழுத்தறிவும் ஒருவரிடத்தே கூடியதால் விளைந்த பயனை அவர் வாழ்வில் காண்கிறோம். வேதியியலும் தாவரவியலும் பயிலுங்கள், சட்டமும் பயிலுங்கள். பட்டையை இடித்தவர் வழிவந்தோர், அதன் சாரத்தை அளப்பவராகவும் அதன் உரிமைக்குக் கையொப்பமிடுபவராகவும் உயர வேண்டும். அதற்கெனவே இக்கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துள்ளது. வாழ்க அதன் தொண்டு!